ஐரிஷ் மரபிசைக்குக் கைவினை பூஸூக்கி வாங்குவது எப்படி?

நீண்ட கழுத்துடைய கிரேக்கக் கம்பிக் கருவியான பூஸூக்கியை 1960களின் நடுவில் ஐரிஷ் மரபிசைக்குக் கொண்டுவந்தவர் இசைக்கலைஞர் ஜானி மோய்னிஹன். கிரேக்கக் கருவியின் முதுகு கிண்ணம் போல் உருண்டிருக்கும். அதற்கு மாறாக, ஐரிஷ் இசைக்கலைஞர் டோனல் லன்னிக்காக இங்கிலாந்தின் கருவிக் கைவினைஞர் பீட்டர் ஆப்னெட் 1970 வாக்கில் ஆழம் குறைந்த உடலுடன் ஒரு கருவியைச் செய்துகொடுத்தார். இன்று கைவினைஞர்கள் ஐரிஷ் பூஸூக்கி என்று செய்வது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. ஆனால் பொது அளவு என்று எதுவும் இல்லாததால், ஒருவர் செய்தது மற்றவர் செய்ததைப் போல் இராது. எனவே மரத்தின் அழகில் மயங்குவதற்கு முன் கீழ்க்கண்ட வரிசையில் பார்த்து வாருங்கள்.

படி 1: பக்கவாத்தியமா, மெட்டா?

ஃபிடிலும் புல்லாங்குழலும் ரீல் என்ற வேகமான ஐரிஷ் நடன மெட்டை வாசிக்கும்போது பின்னால் தாளமும் சுருதியும் கொடுக்கப் போகிறீர்களா, அல்லது மெட்டையே வாசிக்கப் போகிறீர்களா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்த படி முழுவதும் இதைச் சார்ந்தது.

படி 2: கம்பியின் நீளம்

நட்டிலிருந்து (கழுத்தின் மேல்முனையில் கம்பிகள் அமரும் பள்ளமிட்ட துண்டு) பிரிட்ஜ் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் கட்டை) வரையுள்ள நீளம் ஐரிஷ் பூஸூக்கிகளில் பெரும்பாலும் 610 முதல் 660 மி.மீ. வரை இருக்கும். நீளம் கூடினால் கீழ்ச்சுரங்கள் இறுக்கமாகவும் கணீரென்றும் ஒலிக்கும். விலையாக விரல்கள் அதிகம் விரிய வேண்டும். வழக்கமான ஜி-டி-ஏ-டி (G-D-A-D) சுருதியில், டி கம்பியில் மெட்டு வாசிக்க ஆள்காட்டி விரல் இரண்டாம் ஃபிரெட்டிலும் (கழுத்தின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) சுண்டுவிரல் ஐந்தாம் ஃபிரெட்டிலும் நிற்கும். இவ்விரண்டுக்கும் இடைவெளி 660 மி.மீ. கருவியில் சுமார் 94 மி.மீ.; 600 மி.மீ. கருவியில் 85 மி.மீ. இந்த 9 மி.மீ. வேறுபாடு காகிதத்தில் அற்பமாகத் தெரியும்; வேகமான ரீலின் மூன்றாம் சுற்றில்தான் கைக்குப் புரியும். மெட்டுதான் நோக்கம் என்றால் 620-க்கு மேல் போக வேண்டாம் என்பது என் கருத்து. பக்கவாத்தியத்துக்கு நீளமானதே சிறப்பு. கேப்போ (கழுத்தின் குறுக்கே எல்லாக் கம்பிகளையும் அழுத்தும் கவ்வி) போட்டாலும் போதிய நீளம் மிஞ்சும்.

படி 3: ஜோடிக் கம்பிகள்

எட்டுக் கம்பிகள் நான்கு ஜோடிகளாக இருக்கும். கீழ்ச்சுரம் தரும் இரு ஜோடிகளில் ஒரு தடித்த கம்பியும் ஒரு ஸ்தாயி மேலான மெல்லிய கம்பியும் வைப்பது கிரேக்க வழக்கம். இரண்டையும் ஒரே சுரத்தில் வைப்பது லன்னி பின்பற்றிய முறை. தொடங்குபவருக்கு இரண்டாவதே நல்லது. முதல் வகையை வாங்கிப் பின்னாளில் மாற்றிக்கொள்ளலாம் என்று எண்ணினால், மெல்லிய கம்பிக்கு வெட்டிய நட் பள்ளத்தில் தடித்த கம்பி உட்காராது என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

படி 4: கழுத்தும் ஃபிரெட்டும்

இங்கேதான் பொறுமை வேண்டும். எட்டுக் கம்பிகளின் இழுவையை ஆண்டுக்கணக்கில் தாங்க வேண்டியது கழுத்துதான். நான் முதலில் மலிவாக வாங்கிய கருவியின் கழுத்துக்குள் இரும்புத் தண்டும் இல்லை, கார்பன் பட்டையும் இல்லை; ஓராண்டுக்குள் அது வில்லாய் வளைந்துவிட்டது. ஒரு கம்பியை முதல் ஃபிரெட்டிலும் கழுத்து உடலைத் தொடும் ஃபிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள், கம்பியே அளவுகோலாகிவிடும். நடுவில் ஒரு தாள் நுழையும் இடைவெளி இருந்தால் சரி. பன்னிரண்டாம் ஃபிரெட்டில் கம்பியின் உயரம் 2 மி.மீ. அளவில் இருக்கட்டும், 3-ஐத் தாண்டினால் விரல் நோகும்.

அடுத்து, விரல் வைக்காத திறந்த நிலையில் ஒவ்வொரு ஜோடியையும் துல்லியமாகச் சேர்த்துவிட்டு, 2, 5, 7, 12 ஆகிய ஃபிரெட்டுகளில் மெதுவாக அழுத்தி மீட்டுங்கள். இரு கம்பிகளும் ஒரே குரலாய் ஒலிக்காமல் அலையடித்தால், நட் பள்ளத்திலோ ஃபிரெட்டிலோ பிரிட்ஜிலோ குறை இருக்கிறது. பிரிட்ஜ் ஒட்டப்படாத வகையானால் அதைச் சற்று நகர்த்திச் சரிசெய்து பார்க்கலாம். ஒட்டியதானால் செய்தவரிடமே கொடுக்க வேண்டும்.

படி 5: மரம்

மேற்பலகைக்கு ஸ்புரூஸ் கூர்மையான ஒலியையும் சிடார் மென்மையான ஒலியையும் தரும். முதுகுக்கு மேப்பிள், மஹாகனி, ரோஸ்வுட் எல்லாம் பயன்படுகின்றன. இந்திய ரோஸ்வுட் என்பது நம் நீலகிரிப் பக்கம் வளரும் ஈட்டி மரமேதான். பிரேசில் ரோஸ்வுட் 1992 முதல் அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் இருப்பதால், உரிய அனுமதித் தாள்கள் இல்லாத பழைய கருவியை வெளிநாட்டிலிருந்து வாங்காதீர்கள்.

படி 6: சொல்லிச் செய்வித்தல்

புதிதாகச் செய்யச் சொல்வதானால் கம்பி நீளம், நட்டின் அகலம், சுருதி, கம்பிகளின் தடிமன் ஆகியவற்றை முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எழுத்தில் தந்துவிடுங்கள். காத்திருப்பு மாதக்கணக்கில் நீளக்கூடும். இடைப்பட்ட காலத்தில் ஒரு மேண்டலினை ஜி-டி-ஏ-டி சுருதியில் சேர்த்துப் பழகினால், கருவி கைக்கு வரும்போது விரலிடங்கள் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.