செடிகள் உள்ள மீன் தொட்டியில் வாராந்திரத் தண்ணீர் மாற்றம்: தொடக்க நிலையினருக்கான செய்முறை

தொட்டியில் தண்ணீர் குறையும்போது மேலே கொஞ்சம் ஊற்றி நிரப்பிவிட்டால் போதும் என்று நினைத்து மாதக்கணக்கில் ஓட்டுபவர்கள் பலர். ஆவியாகிப் போவது வெறும் நீர் மட்டுமே. அதில் கரைந்திருக்கும் உப்புகளும், மீன் கழிவிலிருந்து உருவாகும் நைட்ரேட்டும் தொட்டியிலேயே தங்கிவிடுகின்றன. மேலே ஊற்றுவது போர் தண்ணீராக இருந்தால் ஒவ்வொரு முறையும் புதிய உப்பும் சேர்ந்து, கடினத்தன்மை படிப்படியாக ஏறிக்கொண்டே போகும். ஆகவே, பழைய தண்ணீரில் ஒரு பங்கை வெளியேற்றிவிட்டுப் புதியதை ஊற்றுவதே தண்ணீர் மாற்றம்.

இரண்டடித் தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 36 செ.மீ. உயரம் எனில் முழுக் கொள்ளளவு ஏறத்தாழ 65 லிட்டர். மண், கல், கட்டை, மேலே விடும் இடைவெளி ஆகியவற்றைக் கழித்தால் தண்ணீர் 50 லிட்டர் அளவில்தான் இருக்கும். வாரம் ஒருமுறை இதில் 30 சதவீதம், அதாவது 15 லிட்டர் மாற்றினால் போதுமானது. செடிகளுக்கென்றே தயாரிக்கப்படும் சத்துள்ள மண்ணான அக்வா சாயில் போட்டுப் புதிதாக அமைத்த தொட்டியில் மட்டும், மண்ணிலிருந்து அம்மோனியா கசியும் முதல் சில வாரங்களுக்கு, வாரம் இரண்டு மூன்று முறை மாற்றுவது நல்லது.

முந்தைய நாளே தண்ணீரைத் தயார் செய்யுங்கள்

குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் மீனின் செவுள்களைப் பாதிக்கும். வாளியில் திறந்து வைத்து ஒரு நாள் விட்டால், அதுவும் ஏர் பம்ப் ஓடினால் இன்னும் விரைவாக, குளோரின் வெளியேறிவிடும். ஆனால் குளோரமின் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த கிருமிநாசினி) கலந்த தண்ணீருக்கு இந்த முறை பயன்படாது என்பதால், மீன் கடைகளில் கிடைக்கும், குளோரினைச் செயலிழக்கச் செய்யும் மருந்தான ஆன்ட்டி குளோரினைப் புட்டியில் குறிப்பிட்ட அளவில் சேர்ப்பதே பாதுகாப்பானது. போர் தண்ணீரில் பொதுவாகக் குளோரின் இருக்காது. ஆயினும் ஆக்சிஜன் குறைவாக இருக்கக்கூடும் என்பதால், அதையும் சில மணி நேரம் காற்றூட்டிவிட்டுப் பயன்படுத்துங்கள். ஆர்.ஓ. தண்ணீரைத் தனியாக ஊற்ற வேண்டாம். செடிக்கும் மீனுக்கும் தேவையான கால்சியமும் மெக்னீசியமும் அதில் மிகக் குறைவு. போர் தண்ணீருடன் கலந்து, அந்த விகிதத்தை வாராவாரம் மாறாமல் வைத்துக்கொள்ளுங்கள்.

தொட்டியில் கை வைக்கும் முன்

ஃபில்டரையும் ஹீட்டரையும் நிறுத்திப் பதினைந்து நிமிடம் காத்திருங்கள். சூடாக இருக்கும் ஹீட்டர் தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடித்துவிடக்கூடும். கைகளைச் சோப்பு இல்லாமல் கழுவுங்கள். வாளியும் தொட்டிக்கென்றே தனியாக இருக்கட்டும். துணி துவைத்த வாளி எவ்வளவு அலசினாலும் வேண்டாம்.

முதலில் கண்ணாடியில் படிந்த பாசியை ஸ்பாஞ்சால் தேய்த்துவிடுங்கள். உதிர்ந்த பாசி, வெளியேறும் தண்ணீரோடு போய்விடும். மண்ணை ஒட்டிய பகுதியில் ஸ்பாஞ்சுக்கு இடையே ஒரு மணல் துகள் சிக்கினாலும் கண்ணாடியில் கீறல் விழும் என்பதால் அங்கே நிதானம் தேவை. அடுத்து, மஞ்சளான, ஓட்டை விழுந்த இலைகளை அடியோடு வெட்டி எடுங்கள். கிரிப்டோகோரைன் செடியின் இலைகள் எல்லாம் கரைந்து போனாலும் வேரைப் பிடுங்காதீர்கள். சூழல் மாறினால் அது அப்படித்தான் செய்யும், சில வாரங்களில் அதே வேரிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

உறிஞ்சி எடுத்தல்

குழாயைத் தொட்டிக்குள் முழுவதும் அமிழ்த்தித் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை விரலால் அடைத்துத் தாழ்வாக வைத்த வாளிக்குள் கொண்டுவந்து விரலை எடுத்தால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. செடிகள் இல்லாத சரளைப் பகுதியில் குழாயை ஓர் அங்குலம் வரை உள்ளே செலுத்தலாம். செடிகள் அடர்ந்த இடத்திலோ, அக்வா சாயில் மீதோ, மண்ணுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே பிடித்து மெல்ல வட்டமிடுங்கள். பழுப்பு நிறக் கழிவு புகையாக எழும்பிக் குழாய்க்குள் நுழையும், மண் கீழேயே கிடக்கும். இதை விட்டு மண்ணைக் கிளறினால் வேர்கள் அறுபடும், தொட்டியும் கலங்கிவிடும்.

ஃபில்டர் ஸ்பாஞ்சை வாரந்தோறும் கழுவ வேண்டியதில்லை. நீரோட்டம் குறைந்தால் மட்டும், வெளியே எடுத்த அதே பழைய தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்துவிட்டுத் திரும்பப் பொருத்துங்கள். அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெருமளவில் குடியிருப்பது அங்கேதான். குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் அவற்றில் பெரும்பகுதி அழிந்துவிடும்.

புதிய தண்ணீர் ஊற்றுதல்

கோடையில் மொட்டை மாடித் தொட்டியில் நண்பகலில் பிடிக்கும் தண்ணீர் கொதித்துக் கிடக்கும். காலையிலேயே பிடித்து, தெர்மாமீட்டரில் இரண்டு டிகிரிக்கு மேல் வேறுபாடு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, மண் மீது ஒரு தட்டை வைத்து அதன் மேல் மெதுவாக ஊற்றுங்கள். பிறகு ஃபில்டரையும் ஹீட்டரையும் ஓடவிட்டு, திரவ உரத்தைச் சேருங்கள். அன்று மாலை இலைகளில் முத்து முத்தாகக் குமிழ்கள் தெரிந்தால் உடனே பூரித்துவிட வேண்டாம். அவற்றில் பல, புதிய தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை.

மாற்றிய சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினால், குளோரின் மீதமிருக்கிறதோ என்று சந்தேகியுங்கள். உடனே ஆன்ட்டி குளோரினை முழுத் தொட்டிக்கும் கணக்கிட்டுச் சேர்த்து, ஏர் பம்பை இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மறுநாள் வரை தீனி போடாதீர்கள்.