மூட்டை விழுந்தால் யார் பொறுப்பு? நஷ்டப் பொறுப்பு ஷரத்து எழுதும் முறை

எந்தக் கிரயப் பத்திரத்தை எடுத்தாலும், "வில்லங்கம் ஏதும் தெரியவந்தால் நானே முன்னின்று என் சொந்தச் செலவில் தீர்த்துக் கொடுப்பேன்" என்று ஒரு வரி இருக்கும். வாங்குபவருக்கு வரக்கூடிய நஷ்டத்தை விற்பவர் ஏற்றுக்கொள்ளும் வரி அது. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872, பிரிவு 124 இந்த வகை உறுதிமொழியைப் பற்றியதுதான்.

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்தக் கடைக்காரர் ஒருவர், குடோனில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையை ஒரு மேஸ்திரிக்கு ஒப்பந்தமாகக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில், என்னென்ன நஷ்டம் வரலாம் என்று எழுதுங்கள். மூட்டை கிழியலாம், பக்கத்துக் கடை ஷட்டர் நெளியலாம், தெருவில் போகிறவர் மேல் 50 கிலோ மூட்டை விழலாம், சுமை தூக்குபவருக்கே அடிபடலாம். "சகல நஷ்டத்துக்கும் மேஸ்திரியே பொறுப்பு" என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். பிரிவு 124 மனிதர் செயலால் வரும் நஷ்டத்தைத்தான் சொல்கிறது. மழைத் தண்ணீர் புகுந்து சர்க்கரை கரைந்தால் யார் பொறுப்பு என்பதைத் தனியாக எழுத வேண்டும்.

அடுத்து வாசகம்:

"வேலையின்போது மேஸ்திரி அல்லது அவருடைய ஆட்களின் கவனக்குறைவால் மூன்றாம் நபர் எவரும் கடைக்காரரிடம் நஷ்ட ஈடு கோரினால், கடைக்காரர் கொடுக்க வேண்டிவரும் தொகையையும் வழக்குச் செலவையும், கடைக்காரர் எழுத்துமூலம் கேட்ட 15 நாளுக்குள் மேஸ்திரி செலுத்த வேண்டும். கடைக்காரர் முன்னதாகப் பணம் கட்டியிருக்க வேண்டியதில்லை."

அந்தக் கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். இல்லையென்றால், "நீங்கள்தான் இன்னும் கட்டவே இல்லையே" என்று எதிர்த்தரப்பு வாதாடும். பொறுப்பு உறுதியாகிவிட்டால் பணம் கட்டும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 1942இல் சொல்லியிருக்கிறது. ஆனாலும் எழுத்தில் இருந்தால் வாதத்துக்கே இடமில்லை.

கோரிக்கை வந்ததும் எத்தனை நாளில் மேஸ்திரிக்குத் தெரிவிப்பது, அவர் சம்மதம் இல்லாமல் சமரசம் பேசலாமா என்பதையும் சேருங்கள். "30 நாளில் வழக்குப் போடாவிட்டால் உரிமை போய்விடும்" என்று மட்டும் எழுத வேண்டாம். பிரிவு 28இன்படி அது செல்லாது. மூட்டைக்கு இவ்வளவு அபராதம் என்று பெரிய தொகை போட்டாலும், பிரிவு 74இன்படி அந்தத் தொகைக்குள் நியாயமான ஈடுதான் கிடைக்கும்.

பலர் சறுக்கும் இடம் இனிமேல்தான். இந்த ஷரத்து இருவரை மட்டுமே கட்டும். அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லை. அவர் கடைக்காரர் மேலேயே வழக்குப் போடலாம். கடைக்காரர் கொடுத்துவிட்டு மேஸ்திரியிடம் வசூலிக்க வேண்டும். மேஸ்திரி கையில் பணம் இல்லையென்றால் ஷரத்து வெறும் காகிதம். அதனால் மாதக் கூலியில் ஒரு பங்கை முன்வைப்பாகப் பிடித்து வையுங்கள், காப்பீட்டுப் பாலிசி நகலை ஒப்பந்தத்தோடு இணையுங்கள். தொழிலாளியிடம் "நஷ்ட ஈடு கேட்க மாட்டேன்" என்று எழுதி வாங்குவது வீண். சட்டம் தந்த உரிமையை அப்படிப் பறிக்க முடியாது, பறிக்கவும் கூடாது.

மேஸ்திரிக்குப் படிக்கத் தெரியாதென்றால் ஒவ்வொரு ஷரத்தையும் வாய்விட்டுப் படித்துக் காட்டி, "படிக்கக் கேட்டுச் சம்மதித்தேன்" என்ற வரிக்குக் கீழே இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்தோ கைரேகையோ வாங்குங்கள்.