மெஷின் சிரிக்கிறது, நான் கொட்டாவி விடுகிறேன்: சிபாப் செட்டிங்கைச் சரிசெய்த விதம்

மதுரை கீழமாசி வீதிப் பக்கத்து மளிகைக் கடைகளின் தராசுகளைப் பழுதுபார்த்து, முத்திரைக்குத் தயார் செய்து கொடுப்பது என் தொழில். போன வருஷம் ஒரு கடையில் 20 கிலோ எடைக்கல்லை மேடையில் ஏற்றிவிட்டு, எண் நிலைக்கட்டும் என்று காத்திருந்த நாலைந்து விநாடியில் நின்றபடியே தூங்கிவிட்டேன். கடைக்காரர் தோளைத் தட்டி, “என்னண்ணே, ராத்திரி ரெண்டாவது ஆட்டமா?” என்றார். தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்காமலிருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் சிபாப் மெஷினைப் போட்டுத் தூங்க ஆரம்பித்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது.

ஸ்லீப் ஸ்டடியில் எனக்கு வந்த ஏஹெச்ஐ 38. தூக்கத்தில் மணிக்கு 38 தடவை மூச்சு நிற்கிறது அல்லது கணிசமாகச் சுருங்குகிறது என்று அர்த்தம். 5-க்குக் கீழே இருந்தால் சரி, 30-ஐத் தாண்டினால் தீவிரம். மெஷின் போட்ட பிறகு திரையில் தினமும் 3.8, 4.1 என்று வந்தது, பக்கத்தில் பச்சையாக ஒரு சிரித்த முகம். நானோ மதியம் சாப்பிட்ட கையோடு சரிந்துவிடுவேன். எண் சரி, ஆள் சரியில்லை. தராசிலும் இப்படி ஒரு கோளாறு உண்டு: பெரிய எடைக்குச் சரியாகக் காட்டும், சின்ன எடையில் ஏமாற்றும். அதை ஒரே நாளில் எல்லாத் திருகையும் திருகிச் சரிசெய்ய முடியாது. இதையும் அப்படித்தான் பார்த்தேன்.

முதலில் ஒரு நோட்டு போடுங்கள். படுத்த நேரம், எழுந்த நேரம், மாஸ்க் கழற்றிய நேரம், காலை 10 மணிக்கும் மாலை 4 மணிக்கும் களைப்பு எவ்வளவு என்று 10-க்கு ஒரு எண். 10 என்றால் கண் திறக்கவில்லை. ஒரு மாற்றம் செய்தால் குறைந்தது நாலைந்து ராத்திரி அப்படியே விடுங்கள். ஒரு நல்ல ராத்திரியை நம்பிவிடாதீர்கள், ஒரு மோசமான ராத்திரிக்குப் பயப்படவும் வேண்டாம்.

அடுத்து லீக். காற்று ஒழுகினால் மற்ற எந்த செட்டிங்கும் பேசாது. என்னுடையது ரெஸ்மெட் ஏர்சென்ஸ் 10. அதில் நிமிஷத்துக்கு 24 லிட்டருக்கு மேல் ஒழுகினால் அதிகம் என்று கணக்கு. மாஸ்கில் வேண்டுமென்றே விட்டிருக்கும் துளை வழியாகக் காற்று வெளியேறுவது இதில் சேராது, அதை அடைக்கவும் கூடாது. எனக்கு ஒழுகியதற்கு மூன்று காரணம் இருந்தது. ஒன்று, படுக்கும் முன் முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவும் பழக்கம். மாஸ்கின் சிலிக்கான் குஷன் வழுக்கிக்கொண்டே போகும், சீக்கிரம் கெட்டும் போகும். இரண்டு, மீசை. அதைப் பற்றி வீட்டில் நடந்த பேச்சுவார்த்தையை இங்கே எழுத முடியாது. ஓரத்தை ஒட்ட வெட்டிக்கொண்டேன். மூன்றாவதுதான் பெரியது: வாய். மூக்கு மாஸ்க் போட்டு வாயைத் திறந்து தூங்கினால், மூக்கில் போகிற காற்று வாய் வழியே வந்துவிடும். காலையில் நாக்கு பனை ஓலை மாதிரி காய்ந்திருந்தால் அதுதான் அடையாளம். வாயையும் சேர்த்து மூடும் மாஸ்குக்கு மாறினேன், தீர்ந்தது. மூக்கடைப்பு உள்ளவர்கள் முதலில் அதற்கு வைத்தியம் பாருங்கள்.

மாஸ்கை உட்கார்ந்தபடி மாட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்று சொல்லிவிடாதீர்கள். படுத்தால் கன்னம் சரியும், குஷன் இடம் மாறும். மெஷினை ஓடவிட்டு, படுத்து, ஒருக்களித்துத் திரும்பிப் பார்த்து, அப்புறம் பட்டையைச் சரிசெய்ய வேண்டும். காலையில் மூக்குத்தண்டில் சிவப்புத் தடம் இருந்தால் அளவுக்கு மேல் இறுக்கியிருக்கிறீர்கள். இறுக்க இறுக்கக் குஷன் மடங்கி இன்னும்தான் ஒழுகும்.

லீக் நின்ற பிறகு மாலை 4 மணிக் களைப்பு எண் 8-லிருந்து 7-க்கு வந்தது. அவ்வளவுதான். அப்போதுதான் நோட்டைப் புரட்டிப் பார்த்ததில் ஒன்று கண்ணில் பட்டது. விடியற்காலை 3:45, 4:10, 4:00: ஒன்றுக்குப் போக எழுந்திருக்கிறேன், மாஸ்கைக் கழற்றியிருக்கிறேன், திரும்ப மாட்டவே இல்லை. இன்னும் ஒரு மணி நேரம்தானே என்ற எண்ணம். ஆனால் கனவு வரும் தூக்கம் பெரும்பாலும் ராத்திரியின் கடைசிப் பகுதியில்தான் வரும். அந்த நேரத்தில் பெரும்பாலான தசைகள் தளர்ந்துவிடுவதால் தொண்டை அடைப்பு பலருக்கும் அப்போதுதான் மோசமாக இருக்கும். மெஷின் ஓடாத நேரத்துக்கு மெஷினிடம் கணக்கும் கிடையாது. அதன் சிரித்த முகம், நான் மாட்டியிருந்த ஐந்து மணி நேரத்துக்கு மட்டும்தான். வீட்டில் சொல்லி வைத்தேன். அதன் பிறகு என் மனைவி இருட்டிலேயே, “ஏங்க, தும்பிக்கையை மாட்டுங்க” என்பாள். பேத்தி வைத்த பேர் அது. இரண்டு வாரத்தில் களைப்பு எண் 5-க்கு இறங்கியது. என் விஷயத்தில் அதிகம் உதவியது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். இதற்கு ஒரு பட்டனைக்கூடத் தொடவில்லை.

இனி பிரஷர். இதில் நானே கை வைக்கவில்லை, நீங்களும் டாக்டரைக் கேட்காமல் வைக்காதீர்கள். முக்கியமாக இருதயம் பலவீனமானவர்கள், நுரையீரல் நோய் உள்ளவர்கள், கடுமையான வலி மாத்திரை சாப்பிடுகிறவர்கள். ஆனால் டாக்டரிடம் வெறுங்கையோடு போகாமல், கையில் கணக்கோடு போகலாம்.

மெஷின் பக்கவாட்டில் ஒரு எஸ்டி கார்டு இருக்கும். ஒவ்வொரு மூச்சும் அதில் பதிவாகிறது. ஆஸ்கார் என்று ஒரு இலவச மென்பொருள் உண்டு, கம்ப்யூட்டரில் அந்தக் கார்டைப் போட்டால் ராத்திரி முழுவதையும் கோடாக வரைந்து காட்டும். மகன் ஏற்றிக் கொடுத்தான். கார்டின் ஓரத்தில் உள்ள சின்ன லாக்கைத் தள்ளிவிட்டுத்தான் கம்ப்யூட்டரில் போட வேண்டும், திரும்ப மெஷினில் போடும்போது லாக்கை எடுத்துவிட வேண்டும். நான் ஒரு தடவை மறந்து, ஒரு ராத்திரி விவரம் முழுவதும் பதியாமல் போனது.

படத்தைப் பார்த்ததும் எனக்கே விளங்கியது. மெஷினை விற்றவர் பிரஷரை 4 முதல் 20 வரை (நீர்மட்டத்தின் சென்டிமீட்டர் கணக்கில்) என்று அகலமாக வைத்துவிட்டுப் போயிருந்தார். ஆட்டோ மெஷின் மூச்சு நெருக்கமாவதைக் கவனித்த பிறகுதான் பிரஷரைப் படிப்படியாக ஏற்றும். மூச்சு சீரானால் மெல்ல இறக்கும். எனக்கோ ராத்திரியின் 95 சதவீத நேரம் 11.4-க்குள் இருந்தது, பெரும்பாலும் 9-க்கு மேலே. தினமும் 4-லிருந்து கிளம்பி அங்கே போய்ச் சேருவதற்குள் தொண்டை நாலு தடவை அடைத்துவிடுகிறது. படுத்தவுடன் காற்றே போதவில்லை என்று மூச்சு முட்டியதற்கும் இந்த 4-தான் காரணம். இன்னொன்றும் உண்டு: குறைந்தது 10 விநாடி நீடித்தால்தான் அது ஏஹெச்ஐ கணக்கில் சேரும். அதற்குக் குறைவான நெருக்கடிகள் தூக்கத்தைக் கலைத்தாலும் எண்ணில் வராது. படத்தில் மூச்சின் மேல்முனை வட்டமாக இல்லாமல் தட்டையாகத் தெரிந்த இடங்கள் அவைதான்.

படங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். டாக்டரம்மா கீழ் எல்லையை 7-க்கு, ஒரு வாரம் கழித்து 8-க்கு, மேல் எல்லையை 14-க்கு மாற்றினார். கூடவே ஒரு எச்சரிக்கையும் சொன்னார். தொண்டை திறந்தே இருந்தும் மூளை மூச்சு விடச் சொல்லாமல் இருப்பது ஒரு வகை. ஆஸ்காரில் அது சிஏ என்று தனியாக வரும். பிரஷரைக் கூட்டிய பிறகு அது கூடினால் உடனே தெரியப்படுத்த வேண்டும். இன்னும் கூட்டுவது தீர்வல்ல, சிலருக்கு அதுவே கெடுதல். எனக்கு அது வரவில்லை. ஏஹெச்ஐ 1.9 ஆனது. எண்ணை விட, ராத்திரி காரணமில்லாமல் விழித்துக்கொள்வது குறைந்ததுதான் பெரிய விஷயம்.

வசதிக்கான செட்டிங்குகளை நாமே மாற்றிப் பார்க்கலாம். ராம்ப் என்பது பிரஷரைக் குறைவாகத் தொடங்கி மெல்ல ஏற்றுவது. 45 நிமிஷம் வைத்திருந்தேன். நான் ஐந்தே நிமிஷத்தில் தூங்குகிறவன், மீதி நாற்பது நிமிஷம் பாதி வைத்தியத்தில்தான் கிடந்திருக்கிறேன். ஆட்டோவில் போட்டதும் நான் தூங்கியதைக் கண்டுகொண்டு அதுவே ஏற்றுகிறது. இபிஆர் என்பது மூச்சை வெளியே விடும்போது மட்டும் பிரஷரைக் குறைப்பது: 1, 2, 3. சிலருக்கு 3 சொர்க்கம். ஆனால் 8-ல் 3 குறைந்தால் வெளிமூச்சில் நிற்பது 5-தான், அதில் தொண்டை சுருங்கலாம். 2-ல் நிறுத்தினேன், உங்களுக்கு எது ஒத்துவருகிறது என்று உங்கள் நோட்டுதான் சொல்லும்.

ஈரப்பதம், அதாவது மெஷினின் தண்ணீர்த் தொட்டி காற்றை எவ்வளவு ஈரமாக்குகிறது என்பது: மதுரை மே மாதத்தில் ஃபேன் அறையில் 3 போதும். ஏசி போட்டால் குழாய்க்குள் ஈரம் குளிர்ந்து நீராகி, விடியற்காலை மூக்கில் சொட்டும், களகளவென்று சத்தம் வரும். ஈரப்பதத்தை ஒரு படி குறைத்து, சூடாகும் குழாயின் வெப்பத்தை 27-லிருந்து 29 ஆக்கினேன், நின்றது. தொட்டியில் போர் தண்ணீர் ஊற்றாதீர்கள், அடித்தட்டில் உப்புப் படியும். மெடிக்கலில் டிஸ்டில்டு வாட்டர் கேட்டு வாங்குங்கள். “பேட்டரித் தண்ணியும் அதானே” என்றான் மச்சான். அதை இரவெல்லாம் மூச்சில் இழுக்க நான் தயாராக இல்லை.

கரண்ட் போனால் மெஷின் நிற்கும், மூச்சு முட்டி எழுந்துவிடுவோம். இன்வெர்ட்டரில் ஓட்டும்போது தொட்டிச் சூட்டையும் குழாய்ச் சூட்டையும் அணைத்துவிடுங்கள். கரண்டை அதிகம் குடிப்பது அவைதான்.

இவ்வளவும் செய்து மாலைக் களைப்பு எண் 4-ல் வந்து நின்றுவிட்டது, இறங்கவில்லை. அடுத்த தடவை போனபோது, “எத்தனை வருஷமா மெட்ஃபார்மின் சாப்பிடுறீங்க?” என்று டாக்டரம்மா கேட்டார். எட்டு வருஷம். சர்க்கரைக்கான அந்த மாத்திரையை நெடுநாள் சாப்பிட்டால் பி12 குறையலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், பி12 எல்லாவற்றுக்கும் ரத்தம் எடுத்தார்கள். மற்றவை சரி, பி12 148 மட்டும்தான் இருந்தது. 200-க்குக் கீழே போனாலே குறைவு. ஊசி போட்டார்கள். மெஷினில் எந்தத் திருகைத் திருகினாலும் இது ஏறியிருக்காது.

நேற்று மாலை 4 மணிக்கு நோட்டில் 2 என்று எழுதினேன்.