ஷட்டில் பழக்கத்தோடு பிக்கிள்பால் ஆடினால் எங்கே அடி விழும்?

பிக்கிள்பால் என்றால், பேடில் என்ற கெட்டி மட்டையால் ஓட்டை போட்ட பிளாஸ்டிக் பந்தைத் தாழ்வான நெட்டுக்கு மேல் அடித்து ஆடும் ஆட்டம். பொள்ளாச்சி, கோபாலபுரம் பக்கமும் சரி, கேரள எல்லை தாண்டி வேலந்தாவளம், கொழிஞ்சாம்பாறை பக்கமும் சரி, பிக்கிள்பால் கோர்ட்டுக்கு வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஷட்டில் ஆடிப் பழகியவர்கள்தான். கண் கூர்மை, கால் வேகம், நெட் பக்கத்தில் பயமில்லாத கை எல்லாம் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. ஆனால் தோற்கும்போது பார்த்தால், எதிராளி அடித்து ஜெயித்த பாயிண்ட்டை விட இவர்களே பழக்கதோஷத்தில் தூக்கிக் கொடுத்த பாயிண்ட்தான் அதிகம். இந்தத் தவறுகளை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பல மாத எரிச்சல் மிச்சம், அதனால்தான் எழுதுகிறேன்.

முதல் தவறு கோடு போடுவதிலேயே வந்துவிடுகிறது. 1965இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், பெய்ன்பிரிட்ஜ் தீவில் இருந்த ஒரு பழைய பேட்மிண்டன் கோர்ட்டில்தான் இந்த ஆட்டம் பிறந்தது. ஜோயல் பிரிட்சர்ட், பில் பெல், பார்னி மெக்கல்லம் என்ற மூன்று பேர் சேர்ந்து உருவாக்கினார்கள். அதனால் கோர்ட் அளவு இன்றைக்கும் ஷட்டில் டபுள்ஸ் கோர்ட்டேதான், 44 அடி நீளம், 20 அடி அகலம். சரி, கோர்ட் தயாராக இருக்கிறதே என்று நெட்டை மட்டும் இறக்கிக் கட்டி ஆட ஆரம்பித்து, ஷட்டிலின் ஷார்ட் சர்வீஸ் கோட்டையே கிச்சன் கோடாக வைத்துக்கொள்கிறார்கள். (கிச்சன் என்பது நெட்டை ஒட்டிய பகுதி; தரையில் குத்தாத பந்தை அடிக்கும் வாலியை அங்கே நின்று ஆடக் கூடாது.) அது நெட்டிலிருந்து ஆறரை அடி. கிச்சன் ஏழு அடி. அரை அடிதானே என்று தோன்றும். ஆனால் டிங்க் (கிச்சன் கோட்டருகே நின்று எதிராளியின் கிச்சனில் மெதுவாக இறக்கும் அடி) ஆடும்போது அந்த அரை அடியில்தான் பந்து எட்டுகிறதா இல்லையா என்பது முடிவாகிறது. அதில் பழகிய கால் வெளியூர்ப் போட்டிக்குப் போனால் ஒவ்வொரு வாலிக்கும் கோட்டை மிதிக்கும். ஒரு மாஸ்கிங் டேப்பும் அளவு டேப்பும் போதும், ஏழு அடிக்குத் தனிக்கோடு ஒட்டிவிடுங்கள். அப்படியே நெட்டையும் அளந்துவிடுங்கள்: இரு ஓரங்களிலும் 36 அங்குலம், நடுவில் 34. ஷட்டில் போஸ்ட்டில் கயிற்றால் இழுத்துக் கட்டும் நெட் ஒரு மணி நேரத்தில் நடுவில் தொங்கிவிடும், அதை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

அடுத்தது கிச்சன் விதி. சண்டையில் பெரும்பாதி இதில்தான் வரும், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கிச்சனுக்குள் போகவே கூடாது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம், உள்ளே குத்திய பந்தை அங்கேயே நின்று அடிக்கலாம், விருப்பமிருந்தால் அங்கேயே நிற்கவும் செய்யலாம். கூடாதது ஒன்றே ஒன்று, பந்து தரையில் குத்துவதற்கு முன் அங்கிருந்து வாலி அடிப்பது. கோடும் கிச்சனைச் சேர்ந்தது, அதனால் வாலி அடிக்கும்போது ஷூ நுனி கோட்டில் பட்டாலும் ஃபால்ட். வாலி அடித்த வேகத்தில் நிலைதடுமாறி உள்ளே கால் வைத்தாலும் ஃபால்ட். பந்து எதிர்ப்பக்கம் இரண்டு முறை குத்தி ஓய்ந்த பிறகு கால் உள்ளே போனாலும் ஃபால்ட்தான், ஏனென்றால் உங்களை உள்ளே தள்ளியது அந்த வாலியின் வேகம். "ஏனுங்கண்ணா, பாயிண்ட் முடிஞ்சப்புறம்தானே கால் போச்சு?" என்று கேட்காத ஆள் கிடையாது. முடிந்தாலும் ஃபால்ட் உங்களுடையதுதான். அந்த வேகத்தில் தொப்பியோ பேடிலோ உள்ளே விழுந்தாலும் இதே கதை. இன்னொன்று, உள்ளே போய் ஒரு பந்தை எடுத்துவிட்டுப் பின்னால் வருகிறீர்கள் என்றால் இரண்டு காலும் கோட்டுக்கு வெளியே தரையில் பட்ட பிறகுதான் அடுத்த வாலி. ஒரு காலை வெளியே வைத்து எட்டி அடிப்பது ஷட்டில்காரர்களின் அனிச்சை, அது இங்கே செல்லாது.

சர்வீஸில் இரண்டு விஷயம். ஷட்டிலில் சர்வை நெட்டை ஒட்டி ஷார்ட்டாகப் போட்டுப் பழகிய கை, இங்கேயும் கிச்சன் பக்கம்தான் போடும். சர்வ் கிச்சன் கோட்டில் விழுந்தாலே ஃபால்ட், மற்றக் கோடுகளில் விழுந்தால் செல்லும். அதனால் ஆழமாகப் போடுங்கள், பின்கோட்டுக்கு மூன்றடி உள்ளே குறி வைத்தால் போதும், கோட்டை உரசவேண்டியதில்லை. பந்தை இடுப்புக்குக் கீழே வைத்து, கீழிருந்து மேலாக, பேடில் தலை மணிக்கட்டுக்கு மேலே போகாமல் அடிக்க வேண்டும். இதில் உங்கள் சர்வ் மீது அடிக்கடி புகார் வருகிறதா, டிராப் சர்வுக்கு மாறிவிடுங்கள். பந்தைக் கையிலிருந்து சும்மா விட வேண்டும், தள்ளவும் கூடாது, மேலே போடவும் கூடாது, குத்தி எழும்பியதும் அடிக்கலாம். அதற்கு அந்த இடுப்பு, மணிக்கட்டுக் கட்டுப்பாடுகள் கிடையாது. நெட்டில் பட்டுச் சரியான கட்டத்தில் விழுந்த சர்வைத் திரும்பப் போடச் சொல்லும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், 2021 முதல் அது செல்லும் சர்வ்.

ஸ்கோர் விஷயத்தில் ஷட்டில் மாதிரி எல்லா ரேலிக்கும் பாயிண்ட் என்று எண்ண வேண்டாம். வழக்கமான முறையில் சர்வ் போடும் பக்கத்துக்கு மட்டும்தான் பாயிண்ட், 11 வரை, இரண்டு வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும். டபுள்ஸில் மூன்று எண் சொல்ல வேண்டும்: நம் பாயிண்ட், அவர்கள் பாயிண்ட், எத்தனையாவது சர்வர். ஆட்டம் 0-0-2 என்று தொடங்கும், முதல் அணிக்கு முதல் முறை ஒரு சர்வர்தான், அவரையே இரண்டாவது சர்வராக எண்ணுகிறோம். சத்தமாகச் சொல்லிவிட்டுப் போடுங்கள், நடுவில் குழம்பி நிற்கும் நேரம் மிச்சம்.

இனி ஆட்டத்துக்குள் வருவோம். ஷட்டிலில் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் என்று நிற்பது பழக்கம், பின்னால் நிற்பவர் ஸ்மாஷ் அடிப்பார். பிக்கிள்பாலில் அப்படி நின்றால் நடுவில் ஒரு பெரிய சந்து திறந்துவிடும், எதிராளிக்கு வேலையே இல்லை. இரண்டு பேரும் தோளோடு தோளாகக் கிச்சன் கோட்டுக்கு வர வேண்டும். கோட்டைப் பிடித்த அணிக்குத்தான் மேல்கை. இதில் ரிட்டர்ன் போடும் அணிக்கு இயல்பாகவே ஒரு சாதகம் உண்டு: சர்வும் ஒருமுறை குத்த வேண்டும், ரிட்டர்னும் ஒருமுறை குத்த வேண்டும் என்பதால் சர்வ் போட்டவர்கள் பின்னாலேயே காத்திருக்கிறார்கள், ரிட்டர்ன் போட்டவர் ஓடி முன்னால் வந்துவிடலாம். ஆனால் நம் ஆட்கள் செய்வது என்ன? ரிட்டர்னைத் தட்டையாக, வெறியோடு அடிக்கிறார்கள். பந்து எவ்வளவு வேகமாகப் போகிறதோ அவ்வளவு வேகமாகத் திரும்பி வரும், இவர் பாதி வழியில் இருக்கும்போதே காலடியில் வந்து விழும். ரிட்டர்ன் ஆழமாக இருக்க வேண்டும், கொஞ்சம் உயரமாகவும் மெதுவாகவும் போனால் இன்னும் நல்லது. அந்தப் பந்து காற்றில் இருக்கும் நேரம்தான் நீங்கள் ஓடிவரும் நேரம். வரும் வழியில் எதிராளி பேடிலை வீசப்போகும் நொடியில் எங்கே இருக்கிறீர்களோ அங்கேயே நின்றுவிடுங்கள், ஓடிக்கொண்டே அடிக்காதீர்கள்.

மறுபக்கம், சர்வ் போட்ட அணியின் மூன்றாவது அடி. எதிரே இரண்டு பேரும் கோட்டில் பேடிலை நெஞ்சுயரத்தில் பிடித்துத் தயாராக நிற்கிறார்கள். பின்கோட்டிலிருந்து ஓங்கி அடித்தால் அவர்களுக்கு அது தட்டிவிடுகிற வேலை மட்டும்தான். டிராப் போடக் கற்றுக்கொள்ளுங்கள்: பந்தின் உச்சி நெட்டைத் தாண்டுவதற்கு முன் உங்கள் பக்கமே இருக்க வேண்டும், அப்புறம் இறங்கி அவர்கள் கிச்சனில் விழ வேண்டும். மணிக்கட்டை வெட்டாமல் தோளிலிருந்து தூக்குங்கள். ஷட்டில்காரர்களுக்கு இதுதான் மிகக் கஷ்டம், அவர்களின் கலையே மணிக்கட்டில் இருக்கிறது. ரிட்டர்ன் குட்டையாக வந்து உயரமாக எழும்பினால் தாராளமாக அடியுங்கள், நான் டிரைவ் (வேகமான தட்டையடி) அடிக்காதே என்று சொல்லவில்லை. ஆனால் நெட் உயரத்துக்குக் கீழே இருக்கும் பந்தை வேகமாக அடித்தால் அது மேல்நோக்கித்தான் போகும், மேலே வந்த பந்து எதிராளிக்கு அல்வா. டிங்க் ஆட்டத்தில் பொறுமை போய் மூன்றாவது, நான்காவது பந்திலேயே படீரென்று அடித்து நெட்டில் விடுவது இந்தக் கணக்குப் புரியாமல்தான். குறுக்காக டிங்க் போடுங்கள், நெட்டின் தாழ்ந்த நடுப்பகுதியைத் தாண்டுகிறது, விழுவதற்கு இடமும் அதிகம் கிடைக்கிறது.

நடுவில் வரும் பந்து யாருக்கு என்பதை ஆட்டத்துக்கு முன்பே பேசிவிடுங்கள். வழக்கமாக ஃபோர்ஹேண்ட் நடுவில் இருப்பவர் எடுப்பார். "விடு" என்று பார்ட்னருக்குக் கத்துவதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பந்து விழும் முன் கத்தினால் அது பார்ட்னரிடம் பேசியது, பந்து உள்ளே விழுந்தால் ஆட்டம் தொடரும். விழுந்த பிறகு "அவுட்" என்றால் அது தீர்ப்பு. உங்கள் பக்கத்துக் கோட்டுக்கு நீங்கள்தான் நடுவர், சந்தேகம் என்றால் எதிராளிக்குச் சாதகமாகத்தான் சொல்ல வேண்டும். கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, அவுட் போகிற பந்தைக் கையால் பிடிப்பவர்களைப் பார்க்கும்போது மனசு பதறுகிறது. தரையில் விழாத பந்து அவுட் ஆகாது, தொட்டால் பாயிண்ட் போச்சு. ஒதுங்கி நில்லுங்கள்.

காற்றைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வரும் காற்றில் கிளப் ஆட்டம் தலைகீழாகிவிடும், ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்றால் 27 கிராம்கூடத் தாண்டாத ஓட்டைப் பந்து என்ன செய்யும்? வெயிலுக்காகக் கோர்ட்டை வடக்கு தெற்காகப் போட்டிருப்பார்கள், அதனால் காற்று பக்கவாட்டில் வரும். வடக்கு பார்த்து நிற்பவருக்குப் பந்து வலதுபக்கம் தள்ளும், அந்த ஓரக்கோட்டைக் குறி வைத்தால் வெளியேதான். இரண்டடி உள்ளே குறி வையுங்கள். கோர்ட் கிழக்கு மேற்காக இருந்தால் காற்றை முதுகில் வைத்து லாப் (எதிராளியின் தலைக்கு மேல் தூக்கி அடிப்பது) போடாதீர்கள், வேலி தாண்டும். எதிர்காற்றில் நிற்கும்போது எதிராளியின் தோளுயரப் பந்துகளை விட்டுப் பாருங்கள், காற்றே அவற்றை வெளியே கொண்டுபோகும். சாதாரண ஆட்டத்தில்கூட ஒரு அணி 6 எட்டியதும் பக்கம் மாறிக்கொள்வது நியாயம், போட்டியின் மூன்றாவது கேமில் அப்படித்தான் செய்கிறார்கள்.

பந்து வாங்கும்போது துளைகளை எண்ணுங்கள். 26 பெரிய துளை உள்ளது உள்ளரங்கப் பந்து, மென்மையானது, வெளியே காற்றில் மிதக்கும். வெளிக்கோர்ட்டுக்கு 40 சின்னத் துளை உள்ள கெட்டிப் பந்து. அது விரிசல் விட்டால் சத்தமே மந்தமாகிவிடும். எழும்புவதும் கோணலாகும். சந்தேகம் வந்தால் விரலால் அழுத்தித் தையல் பக்கம் பாருங்கள்.

பேடிலில் செலவு செய்யும் வேகத்தில் தவறுகள் நடக்கின்றன. பெரிய ஆட்டக்காரர் வைத்திருக்கும் நீண்ட, மெல்லிய பேடிலை வாங்கிவிட்டுப் பந்து எகிறுகிறது என்று புலம்புவதை விட, 16 மில்லிமீட்டர் தடிமனில், அகலமான முகத்தோடு ஒன்று வாங்குங்கள், டிராப்பும் டிங்கும் கைக்கு அடங்கும். மரப் பேடில் கனம், முழங்கைக்கு ஆகாது. கைப்பிடியைக் கழுத்தை நெரிப்பதுபோல் பிடிக்காதீர்கள், முழங்கை வலியில் பாதி அதனால்தான். போட்டிக்குப் போவதென்றால் அங்கீகரிக்கப்பட்ட பேடில் பட்டியலில் உங்களுடையது இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சித்திரை வெயிலில் காருக்குள் பேடிலை விட்டுப் போனால் உள்ளே ஒட்டியிருக்கும் பசை இளகி முகம் பிரிந்துவிடும். கார்பன் முகத்தில் ஏறும் பந்துத் துகளை அதற்கென்றே விற்கும் ரப்பர் கட்டியால் தேய்த்து எடுங்கள், சொரசொரப்பு இருந்தால்தான் சுழற்சி வரும்.

ஷூ விஷயத்தில் மட்டும் சமாளிக்காதீர்கள். ஓடுவதற்கான ஷூ முன்னோக்கிப் போகச் செய்தது, பக்கவாட்டில் நிறுத்தினால் கணுக்கால் பிசகும். கோர்ட் ஷூ வாங்குங்கள். நாற்பதைத் தாண்டியவர்கள் லாப் பந்துக்குப் பின்னாலேயே நடந்து போய் மல்லாக்க விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொள்வதுதான் இந்த ஆட்டத்தில் நான் மிகவும் பயப்படுவது. தலைக்கு மேல் பந்து போனதும் உடம்பைப் பக்கவாட்டில் திருப்புங்கள், பந்தைப் பார்த்தபடியே ஓடுங்கள், எட்டவில்லை என்றால் பார்ட்னரைக் குறுக்காக ஓடச் சொல்லுங்கள். அவரும் எட்டவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது ஒரு பாயிண்ட்தான்.