அம்மம்மாவின் பாட்டைக் கட்டுரையாக்குவது: வெளிநாட்டில் படிக்கும் மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்கு

லண்டனிலோ டொரொண்டோவிலோ படிக்கும் பிள்ளைக்கு "உன் வேரைப் பற்றி எழுது" என்று ஒரு பணி வந்தால், கட்டுரை பெரும்பாலும் "நான் அங்கேயும் இல்லை, இங்கேயும் இல்லை" என்று தொடங்கும். நடுவில் மட்டக்களப்பு வாவியின் பாடும் மீன் வரும், பிறகு எழுத எதுவும் இருக்காது. உணர்வுக்குப் பஞ்சமில்லை, கையில் சரக்குத்தான் போதாது. ஒரு ஆளிடம் ஒரு பாட்டையோ கதையையோ கேட்டு, ஒழுங்காகப் பதிந்து, அதைச் சுற்றி எழுதுங்கள். பாடும் மீனை இந்தத் தடவை விட்டுவிடுங்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள்.

எதைக் கேட்பது என்பதைக் காலம் பாதி தீர்மானிக்கும். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் போன்ற ஊர்களின் கண்ணகி அம்மன் சடங்கு வைகாசியில் நடக்கும். கண்ணகி கதையைப் பாடும் வழக்குரையும் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாடலும் அந்தச் சடங்குக்கு உரியவை. ஓகஸ்ட் விடுமுறையில் வந்து, வீட்டுக் கதிரையில் இருந்து பாடிக் காட்டச் சொன்னால் பலர் மறுப்பார்கள். அது பிடிவாதமல்ல, பாட்டுக்கு உரிய இடமும் நாளும் அதுவல்ல. அதைப் பதியத்தான் வேண்டுமென்றால் பூசை செய்யும் கப்புகனாரிடமும் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரிடமும் முன்கூட்டியே அனுமதி கேட்டு, சடங்கு நாளில் போக வேண்டும். ஓகஸ்டில் வருபவர்களுக்கு அமிர்தகழி மாமாங்கேஸ்வரரின் ஆடி அமாவாசைத் தீர்த்தக் கதை, சிறுபோக வெட்டுப் பேச்சு, தாலாட்டு, விடுகதை, கவி எல்லாம் இலகுவாகக் கிடைக்கும். அக்கரைப்பற்று, சம்மாந்துறைப் பக்கம் மூத்தம்மாமாரிடம் (முஸ்லிம் பாட்டிமாரிடம்) கவி என்ற நாட்டார் பாட்டைக் கேட்காமல் வந்தால் பாதி மாவட்டத்தை விட்டுவிட்டதாக அர்த்தம்.

ஒப்பாரியைப் பாடிக் காட்டச் சொல்லவே கூடாது. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி வைப்பது கூடாது என்பது ஊரின் நம்பிக்கை. கேட்ட பிள்ளைக்கு அதற்குப் பிறகு எந்தப் பாட்டும் கிடைக்காமல் போகலாம்.

ஊரில் முதலில் வரும் கேள்வி "நீ ஆருட புள்ள?" என்பதுதான். அப்பாவின் பெயரைச் சொன்னால் சிலவேளை முகம் தெளியாது. இந்தக் கிழக்குக் கரையில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடி, அதாவது குலப் பிரிவு, தாய்வழியில் வருகிறது. வீடு வளவும் பெரும்பாலும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆகவே அம்மம்மாவின் பெயர், அவருடைய அம்மாவின் பெயர், அவர்கள் இருந்த ஊர், அது படுவான்கரையா (வாவிக்கு மேற்கே) எழுவான்கரையா (கிழக்கே) என்பதைப் புறப்படுமுன்பே கேட்டு எழுதிவைத்திருங்கள். அந்த நான்கு விவரமும் சரியாக இருந்தால் எதிரே இருப்பவரே "அப்ப நீ எனக்குப் பேத்தி முறை" என்று உறவைக் கட்டிவிடுவார். கட்டுரைக்கு வேண்டிய முதல் பந்தி அங்கேயே கிடைக்கும். குடியின் பெயரை மட்டும் வீட்டாரைக் கேட்காமல் அச்சில் போடாதீர்கள். கோயில் உரிமை, சாதி எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கின்றன.

ஒலிப்பதிவுக்கு நல்ல போன் போதும். பதியும் செயலியில் வேவ் வடிவத்தையும் ஒற்றைத் தடத்தையும் தெரிவு செய்யுங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் ஒரு மணிநேரத்துக்கு ஏறக்குறைய 320 எம்பி போகும், அதற்கு இரண்டு மடங்கு இடத்தைக் காலியாக வைத்திருங்கள். போனை விமான நிலைக்கு மாற்றி, மடித்த துவாயின்மேல், பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, நேர் முன்னால் இல்லாமல் சற்றுப் பக்கமாக வையுங்கள். நேரே வைத்தால் மூச்சுக் காற்று அடித்து 'ப' எல்லாம் வெடிக்கும். பதிவைக் கெடுப்பதில் முதல் ஆள் மின்விசிறி. வெக்கையில் அதை நிறுத்தச் சொல்வது கடினம் என்பதால், காலை வெயில் ஏறுமுன் போய்விடுங்கள். கல்லடி போன்ற கடற்கரை ஊர்களில் காற்றுக்கு முதுகு காட்டி இருக்க வேண்டும்.

ஊருக்கு வர முடியாதவர்கள் வாட்ஸ்அப் அழைப்பை அப்படியே பதிவதுண்டு. குரல் நசுங்கி, பாட்டின் இழுவைகள் காணாமல் போய்விடும். அழைப்பில் கேள்வியைக் கேளுங்கள். பதில் பதிவாவது ஊரில் இருக்கும் மச்சாளின் இன்னொரு போனில் நடக்கட்டும். கோப்பைக் குரல்செய்தியாக இல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

பதிவின் தொடக்கத்திலேயே திகதி, ஊர், பேசுபவரின் பெயர் மூன்றையும் உங்கள் குரலில் சொல்லுங்கள். "இத நான் என்ட படிப்புக்கு எழுதப் போறன், பேர் போடலாமா அம்மம்மா?" என்று கேட்டு, பதிலும் பதிவாகட்டும். பல பல்கலைக்கழகங்களில் ஆட்களை நேர்காண முன் பல்கலைக்கழகத்திடம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும், அதை ஊருக்கு வரமுன் முடித்துவிடுங்கள்.

"பழைய பாட்டுத் தெரியுமா?" என்றால் "ஒண்டும் தெரியா மனே" என்றுதான் பதில் வரும். பாட்டைக் கேட்காமல் வேலையைக் கேளுங்கள். வேளாண்மை வெட்டுக்கு ஆர் ஆர் போவீங்க? களத்தில் சூடு மிதிக்கிற இரவு என்ன சாப்பாடு? நெல் என்று சொல்லாமல் 'பொலி' என்று சொன்னது ஏன்? வயலைப் பார்க்கும் முல்லைக்காரர் வாடியில் தனிய இருந்து என்ன செய்வார்? இப்படிப் போனால் மூன்றாவது கேள்வியிலேயே பாட்டு தானாக வரும். வந்தபின் இடைமறிக்காதீர்கள். முடிந்ததும் "ஆருட்டக் கேட்டீங்க?" என்று கட்டாயம் கேளுங்கள். தாயிடம் கேட்டதா, கூத்துக் களரியில் கேட்டதா, வானொலியிலா என்பது கட்டுரையின் போக்கையே மாற்றும். கூத்துப் பாட்டென்றால் கூத்துப் பழக்கும் அண்ணாவியாரிடம் கொப்பி இருக்கும், அனுமதியோடு அதன் பக்கங்களைப் படமெடுங்கள்.

பதிந்ததைக் கேட்டு எழுதுவதுதான் பெரும் வேலை. ஒரு மணிநேரப் பேச்சுக்கு ஐந்தாறு மணிநேரமாவது ஒதுக்குங்கள். "சூறாவளி அடிச்சி, மறுகாதான் இந்த வளவுக்கு வந்த நாங்க" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதுங்கள். "சூறாவளிக்குப் பின்னர் இவ்வளவில் குடியேறினோம்" என்று திருத்தினால் அம்மம்மா போய்விடுவார், ஒரு அலுவலகக் கடிதம் மிஞ்சும். புரியாத சொல்லுக்குக் கோடு போட்டு, நிமிடக் கணக்கையும் பக்கத்தில் குறித்துவிட்டு நகருங்கள். ஊகித்து நிரப்பினால் பிறகு எது அவருடையது, எது உங்களுடையது என்று உங்களுக்கே தெரியாது.

அதே வசனத்தில் ஆண்டும் இருக்கிறது. சூறாவளி என்று மட்டக்களப்பில் ஒருவர் சொன்னால் அது 1978 நவம்பர் 23. அதேபோல 1957 வெள்ளம், 1990 போர்க்கால இடப்பெயர்வு, 2004 சுனாமி. "மூத்தவன் அப்ப கைக்குழந்தை" என்றால் மூத்தவரின் பிறப்புச் சான்றிதழை வைத்து ஆண்டை உறுதிப்படுத்தலாம். அம்பாறை தனி மாவட்டமானது 1961இல். அதற்கு முன் கல்முனையில் பிறந்தவரின் பத்திரத்தில் மட்டக்களப்பு மாவட்டம் என்று இருப்பது பிழையல்ல. 1990 பற்றி அவராகப் பேசினால் கேளுங்கள், தோண்டாதீர்கள். அதை எழுதுவதானால் பெயரையும் ஊரையும் மாற்றிவிடுங்கள்.

எழுதும்போது மூன்று குரல்களைக் கலக்கக் கூடாது: அவர் சொன்னது, ஆவணத்தில் உள்ளது, நீங்கள் நினைப்பது. கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயிலின் கல்நந்தி போர்த்துக்கேயர் முன் புல்லுத் தின்றது என்பது ஊர் சொல்லும் கதை. போர்த்துக்கேயர் மட்டக்களப்புக் கோட்டையை 1628இல் கட்டினார்கள், 1638இல் ஒல்லாந்தர் பிடித்தார்கள் என்பது வரலாறு. இரண்டையும் ஒட்டி "பதினேழாம் நூற்றாண்டில் நந்தி புல் தின்றது" என்று எழுதினால் வரலாறும் கெடும், கதையும் கெடும். "இப்படி நடக்காது" என்று விளக்கம் சொல்லவும் தேவையில்லை. கோயிலை இடிக்க வந்தவர்களைப் பற்றி ஊர் எதை நினைவில் வைக்க விரும்பியது என்று கேளுங்கள், அந்தக் கேள்வி உங்களுடையது. பழங்கதை அரசி உலகநாச்சியின் கதை போன்றவற்றில் அம்மம்மா சொல்வது 1962இல் அச்சான, ஊர்ப் பழவரலாற்றுச் சுவடிகளின் தொகுப்பான மட்டக்களப்பு மான்மியத்தோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். அச்சில் உள்ளதை வைத்து அவரைத் திருத்தாதீர்கள், வேறுபாட்டை எழுதுங்கள். பழைய நூல்கள் பல நூலகம் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கும்.

ஆங்கிலத்தில் கொடுக்க வேண்டிய கட்டுரையானாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதுங்கள். ஆங்கிலத்தில் தொடங்கினால் ஆசிரியருக்கு விளக்குவதிலேயே கவனம் போய், வயல் சொந்தக்காரரான போடியார் ஒரு நிலச்சுவான்தாராகவும் சடங்கு ஒரு திருவிழாவாகவும் மாறிவிடும். பாட்டோடு நேரே தொடங்குங்கள். "நான்" இரண்டாம் பக்கத்தில் வந்தால் போதும். பாட்டில் உங்களுக்கு விளங்காத வரி எதுவோ, அதைக் கற்ற வழியைக் காட்டுவதுதான் அந்த "நான்" செய்ய வேண்டிய வேலை.

கொடுக்குமுன் தமிழ் வரைவை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். முறைப் பெயர்களும் ஊர்ப் பெயர்களும் அங்கேதான் திருந்தும். "இத எடுத்துடு" என்று சொன்ன பகுதியைக் கேள்வி கேட்காமல் எடுத்துவிடுங்கள். ஒலிக்கோப்புக்குத் திகதி, ஊர், பாட்டு என்ற ஒழுங்கில் பெயரிட்டு, கணினியில் ஒன்று, வெளித்தட்டில் ஒன்று, வீட்டாரின் போனில் எம்பி3ஆக ஒன்று என்று மூன்று பிரதி வையுங்கள். வீட்டுப் பிரதியை ஊரை விட்டுப் புறப்படுமுன்பே போட்டுக்கொடுங்கள்.