பதுங்கலும் பாய்ச்சலும்: தந்திர ஆட்டங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முறை வைத்து ஆடும் தந்திர வீடியோ கேம்களில் பலர் தோற்பது, பதுங்குவதைச் சண்டைக்கு மாற்றாக நினைப்பதால்தான். எத்தனை பேரோடு, எந்த இடத்தில் மோதுவது என்பதை நாமே முடிவுசெய்யத்தான் பதுங்குகிறோம்.

2018-இல் வெளிவந்த ‘மியூட்டண்ட் இயர் ஜீரோ: ரோட் டு ஈடன்’ இதற்கு அருமையான பயிற்சிக்களம். வாத்து உருவில் டக்ஸ், காட்டுப்பன்றி உருவில் போர்மின் என்று ஆட்களே தனி அழகு. டார்ச்சை அணைத்து நடந்தால் எதிரிகள் நம்மைக் கண்டுகொள்ளும் வட்டம் சுருங்கும். கூட்டத்தை விட்டு விலகி நிற்பவனைச் சத்தமில்லாத ஆயுதங்களால் முடித்துவிடலாம். அவன் பிழைத்துத் தன் முறையைப் பெற்றுவிட்டால் மற்றவர்களை உஷார்படுத்திவிடுவான்.

ஆகவே கணக்குப் போடாமல் முதல் அம்பை எய்வதுதான் மிகப் பெரிய தவறு. எதிரிக்கு 12 உயிர்ப்புள்ளிகள், உங்கள் மூவரின் அடியும் தலா 4 என்று வைத்துக்கொள்வோம். கூட்டிப் பார்த்தால் சரியாக இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரின் குறியும் 75 சதவீதம் என்றால், மூன்றும் படுவதற்கான வாய்ப்பு சுமார் 42 சதவீதம்தான். பாதிகூட இல்லை! குறி 100 ஆகும்வரை நெருங்குங்கள். மேடான இடம் இருந்தால் ஏறுங்கள். பாய்ந்து மோதி எதிரியைக் கீழே தள்ளும் போர்மினின் திறன் தயாராக இருக்கும்போது தொடங்கினால், தவறிய அடியை ஈடுகட்ட இன்னொரு சுற்று கிடைக்கும்.

ஆயுதங்களை மேம்படுத்த உதவும் உதிரிகளையெல்லாம் சத்தமில்லாத ஆயுதங்களிலேயே கொட்டுவதும் தவறு. ஒளிய வழியில்லாத சண்டைகள் வரும். அப்போது வெடிச்சத்தம் போடும் துப்பாக்கிதான் காப்பாற்றும்.

2016-இல் வந்த ‘எக்ஸ்காம் 2’-இல் சிக்கல் வேறு. பெரும்பாலான பணிகள் மறைவில்தான் தொடங்குகின்றன. எதிரி தானாக வலையில் விழட்டும் என்று எல்லோரையும் ஓவர்வாட்ச்சில் (எதிரி அசைந்ததும் சுடும் காவல் நிலையில்) நிறுத்திக் காத்திருந்தால், இத்தனை சுற்றுக்குள் முடிக்க வேண்டும் என்ற கணக்கு உள்ள பணிகளில் நேரம் கரைந்துவிடும். இதைவிடக் கொடிய தவறு பதுங்கல் கலைந்த பிறகு நடக்கிறது. நால்வர் சுட்டாயிற்று, ஒரே ஒரு எதிரி மிச்சம். பக்கவாட்டில் சுட நல்ல கோணம் தேடிக் கடைசி வீரரை இதுவரை பார்க்காத தரைக்கு ஓடவிடுகிறோம். அங்கே நிற்கும் அடுத்த கூட்டம் விழித்து, உடனே மறைவிடம் தேடி ஓடுகிறது. அடுத்து அவர்கள் முறை. நம் கையில் ஓர் அசைவும் மிச்சமில்லை.

புதிய தரையில் கால் வைப்பது எப்போதும் முதல் வீரரின் வேலையாக இருக்கட்டும். கடைசி வீரர் ஏற்கெனவே பார்த்த கட்டங்களுக்குள்ளேயே நகரட்டும். ‘ஃபாண்டம்’ திறன் பெற்ற ரேஞ்சர் வகை வீரர் இருந்தால், அணி வெளிப்பட்ட பிறகும் அவர் மறைவிலேயே இருப்பார். அவரை முன்னே அனுப்பி உளவு பாருங்கள். ஒரே ஒரு எதிரியை வீழ்த்தும் ஆசையில் அவரை வெளிக்காட்டிவிடாதீர்கள்.