வெளிநாட்டு நேரக் கணக்கு: நாம் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

நியூயார்க் நமக்கு எத்தனை மணி நேரம் பின்னால் இருக்கிறது என்று திருப்பூரில் வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் ஒரு மெர்ச்சண்டைசரிடம் கேளுங்கள். ஒன்பதரை என்பார். பக்கத்து மேசையில் இருப்பவர் பத்தரை என்பார். இரண்டு பேரும் சரியாகத்தான் சொல்கிறார்கள், கேட்ட மாதம்தான் வேறு. பெரும்பாலான குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தை வாய்ப்பாடு போல ஒரே எண்ணாக மனப்பாடம் செய்து வைத்துக்கொள்கிறோம். தேதி தெரியாமல் அந்த எண்ணுக்கு மதிப்பே இல்லை.

நம் நாட்டில் வருஷம் முழுக்க ஒரே நேரம்தான், உலகப் பொது நேரமான யுடிசியை விட ஐந்தரை மணி நேரம் முன்னால். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் கோடை வருமுன் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளுவார்கள், குளிர்காலத்துக்கு முன் பின்னே இழுப்பார்கள். இது பலருக்கும் தெரியும். இரண்டு இடத்திலும் ஒரே நாளில் மாற்றுவதில்லை என்பதுதான் நழுவிவிடுகிறது. அமெரிக்காவில் இந்தக் கோடை நேரம் மார்ச் இரண்டாவது ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு வரை. ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு தொடங்கி அக்டோபர் கடைசி ஞாயிறு வரை.

2026-ஐ எடுத்துக்கொள்வோம். சரக்கு வாங்கும் நியூயார்க் பையர், அவருக்காக ஆர்டரைக் கவனிக்கும் லண்டன் பையிங் ஆபீஸ், திருப்பூர் கம்பெனி என மூன்று பேர் வாராவாரம் பேசும் ஒரு போன் கால், நியூயார்க் காலை 9 மணிக்கு. குளிர்காலத்தில் அது லண்டனில் மதியம் 2 மணி, நமக்கு இரவு 7.30. மார்ச் 8-ல் அமெரிக்கா மாற்றியதும் லண்டனில் 1 மணி, நமக்கு மாலை 6.30. மார்ச் 29-ல் லண்டனும் மாற்றிய பிறகு அங்கே மறுபடி 2 மணி, நமக்கு அதே 6.30. ஆக நடுவில் மூன்று வாரம் லண்டன்காரர்களுக்கும் நியூயார்க்காரர்களுக்கும் இடையில் கூட வழக்கமான ஐந்து மணி நேரம் இல்லை, நான்குதான். அக்டோபர் 25-லிருந்து நவம்பர் 1 வரை ஒரு வாரம் இதே கதை.

அதனால் வாராந்திர கால் வைக்கும்போதே ஒரு கேள்வியைக் கேட்டுவிட வேண்டும்: இது யாருடைய கடிகாரப்படி நிற்கிறது? அழைப்பை நியூயார்க்கிலிருந்து அனுப்பியிருந்தால் அவர்களுக்கு 9 மணி மாறாது, நமக்குத்தான் நகரும். நாம் இந்திய நேரத்தில் போட்டு அனுப்பினால் மார்ச்சில் அவர்களுக்கு நகரும். இதைப் பேசாமல் விட்டால் மார்ச் மாதத்தில் யாராவது ஒருவர் ஒரு மணி நேரம் தனியாகக் காத்திருப்பது நிச்சயம்.

ஆஸ்திரேலியா இன்னும் ஏமாற்றும். அங்கே கோடை நமக்கு எதிர்ப்பக்கம். அக்டோபர் முதல் ஞாயிறிலிருந்து ஏப்ரல் முதல் ஞாயிறு வரை சிட்னி நம்மை விட ஐந்தரை மணி நேரம் முன்னால், மற்ற மாதங்களில் நான்கரை. அதே நாட்டில் பிரிஸ்பேன் கடிகாரத்தைத் தொடுவதே இல்லை. அமெரிக்காவிலும் அரிசோனாவின் பெரும்பகுதி அப்படித்தான். நாட்டின் பெயரை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஊரைக் கேளுங்கள்.

சுருக்கெழுத்துகளை நான் நம்புவதில்லை. ஜூலை மாதம் "காலை 10 மணி ஈஎஸ்டி" என்று மெயில் வரும். ஈஎஸ்டி என்பது நியூயார்க்கின் குளிர்கால நேரம், எழுத்துப்படி பார்த்தால் அது நமக்கு இரவு 8.30. அனுப்பியவர் நினைத்தது பெரும்பாலும் நியூயார்க்கின் அன்றைய நேரத்தை, அதாவது 7.30. இந்திய நேரத்துக்கு நாம் போடும் ஐஎஸ்டி கூட இஸ்ரேலுக்கும் அயர்லாந்துக்கும் பொருந்தும். "ஜூலை 14, செவ்வாய், நியூயார்க் காலை 10, இந்தியா இரவு 7.30" என்று இரண்டு பக்கத்தையும் எழுதிப் பதில் போட்டால் தப்பு இருந்தால் எதிராளியே கண்டுபிடித்துச் சொல்லிவிடுவார்.

"வெள்ளிக்கிழமைக்குள்" என்பதையும் அப்படியே விடக்கூடாது. ஜூலையில் நியூயார்க்கின் வெள்ளி மாலை 6 மணி நமக்குச் சனி விடியற்காலை 3.30. சிட்னியின் வெள்ளி மாலை 5 மணியோ நமக்கு வெள்ளி மதியம் 12.30, சாப்பாட்டுக்குப் போகும் முன்னால் சாம்பிள் போட்டோ போயிருக்க வேண்டும்.

எக்செல்லில் கணக்கு வைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 5.30 என்று புள்ளி வைத்துப் போட்டு மணிக்கணக்காக எடுத்துக்கொண்டால் அது ஐந்தரை மணி நேரம் ஆகாது, 5 மணி 18 நிமிஷம். 5:30 என்று போடுங்கள். தேதியையும் சேர்த்தே வையுங்கள். நேரத்தை மட்டும் கழித்து விடை பூஜ்யத்துக்குக் கீழே போனால் கட்டம் முழுக்க வேலி போல ##### என்றுதான் தெரியும்.

பயணத்துக்கு வருவோம். டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊருடையது, சேரும் நேரம் சேரும் ஊருடையது. கோவையில் அதிகாலை 4 மணிக்குக் கிளம்பி ஷார்ஜாவில் 6.30-க்கு இறங்குவதாக ஒரு டிக்கெட் இருந்தால் பயணம் இரண்டரை மணி நேரம் இல்லை, நான்கு. ஷார்ஜா நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால், அங்கே போகும்போது பயணம் நிஜத்தை விட நீளமாகத் தெரியும்.

இதை விட ஆபத்தானது நள்ளிரவு. நம் பேச்சில் பொழுது விடியும் வரை அதே கிழமைதான், வெள்ளிக்கிழமை ராத்திரி பன்னிரண்டரை என்று சொல்வோம். டிக்கெட்டில் அது சனிக்கிழமை 00:30. கோபியிலோ பொள்ளாச்சியிலோ இருந்து பெட்டி கட்டிக்கொண்டு சனி இரவு கோவை பீளமேடு ஏர்போர்ட்டுக்கு வந்து நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் வந்தவுடன் "வெள்ளி ராத்திரி வீட்டை விட்டுக் கிளம்பணும்" என்று காலண்டரில் பேனாவால் எழுதி வைத்துவிடுங்கள்.

போன் காலண்டர் இன்னொரு பொறி. சிங்கப்பூரில் காலை 10 மணிக்குச் சந்திப்பு என்று கோவையில் உட்கார்ந்து பதிவு செய்தால், போன் அதை இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்ளும். அங்கே இறங்கியதும் 12.30 என்று காட்டும். சந்திப்பு முடிந்து போயிருக்கும். பதிவு செய்யும்போதே அதற்கான இடத்தில் சிங்கப்பூர் என்று தேர்ந்தெடுக்க வேண்டும்.

கடைசியாக, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் அடிக்கடி வரும் சந்தேகம். "கண்ணு, இன்னைக்கு ஏழரை ஒன்பது ராகு காலம், பார்த்துக்கோ" என்று திங்கட்கிழமை இங்கிருந்து போன் போகும். ராகு காலம் என்பது சூரிய உதயத்திலிருந்து அஸ்தமனம் வரை உள்ள பகலை எட்டாகப் பிரித்து அதில் ஒரு பங்கு, திங்களுக்கு இரண்டாவது பங்கு. இங்கத்து 7.30-ஐ ஜூன் மாத லண்டன் நேரத்துக்கு மாற்றினால் விடியற்காலை 3 மணி, அங்கே சூரியனே உதித்திருக்காது. அங்கே பகல் பதினாறு மணி நேரத்துக்கு மேல் என்பதால் ஒரு பங்கே சுமார் இரண்டு மணி நேரம். ஆகவே மாற்றவும் கூடாது, அதே 7.30 என்று வைத்துக்கொள்ளவும் கூடாது, அந்த ஊர் உதயத்தை வைத்துப் போட வேண்டும்.

திதி அப்படியில்லை. அமாவாசை முடிவது சூரிய சந்திர நிலையைப் பொறுத்தது, உலகம் முழுக்க ஒரே கணம். இங்கே காலை 6 மணிக்கு முடிகிறது என்றால், கோடையில் நியூயார்க்கில் அது முந்தின நாள் இரவு 8.30. நம் காலண்டரில் போட்டிருக்கும் தேதியைப் பார்த்து அங்கே தர்ப்பணத்துக்கு உட்கார்ந்தால் சில சமயம் திதி ஏற்கெனவே தாண்டியிருக்கும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்கு அந்த ஊருக்கென்றே கணித்த பஞ்சாங்கத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.